ஆறுதல் பெற்றவர் ஆறுதல் அளிக்கட்டும்

துன்பம் நம்மைச் சந்திக்கும்போது உள்ளத்தில் முதலில் எழுகின்ற கேள்வி, 'ஆண்டவரே, எனக்கு ஏன் இப்படி?' என்பதாகும். இக்கேள்விக்குப் பெரும்பாலும் உடனே விடை கிடைப்பதில்லை. ஆனால் நாட்கள் செல்லச் செல்ல ஆண்டவர் நம்மிடம் வேறொரு கேள்வியைக் கேட்கிறார். 'உன் துன்ப நாளில் நான் உனக்கு அளித்த ஆறுதலை யாருக்குக் கொடுக்கப் போகிறாய்?' என்பதே அது.

அப்போஸ்தலனாகிய பவுல், கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தை இச்சிந்தனையுடனேயே ஆரம்பிக்கிறார். தேவன் நம்மைத் தேற்றுவது நாம் தேறியிருப்பதற்காக மாத்திரமல்ல, துயருறும் பிறரை அதே ஆறுதலினால் தேற்றுவதற்காகவும் ஆகும் என்பது அவர் காட்டும் உண்மை. இதை அவர் சுகமாக அமர்ந்திருந்து எழுதவில்லை. ஆசியாவிலே பிழைப்போம் என்ற நம்பிக்கையும் அற்றுப்போன நிலையைத் தாம் கடந்து வந்ததை அதே அதிகாரத்தில் அறிக்கையிடுகிறார்.

இவ்வுண்மைக்குச் சாட்சியாக விளங்கியவர் வைத்தியர் மேரி வர்கீஸ். கேரளத்தில் 1925 ஆம் ஆண்டு பிறந்த இவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலே பயின்று வைத்தியரானார். 1954 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இளம் வைத்தியர்கள் சிலருடன் அவர் பயணம் செய்த வாகனம் விபத்துக்குள்ளானது. முகத்திலே ஆழ்ந்த காயம். முள்ளந்தண்டிலே பாரிய சேதம். முப்பது வயதையும் எட்டாத அவருக்கு இடுப்பின் கீழே உணர்வும் அசைவும் அற்றுப் போயின. அவை பின்னர் திரும்பவேயில்லை.

நோயாளிகளின் படுக்கையருகே நின்றவர், தாமே படுக்கையில் கிடந்தார். இனித் தம்மால் யாருக்கு என்ன பயன்? அந்நிலையில் அவரது ஆசிரியரான சத்திரசிகிச்சை நிபுணர் போல் பிராண்ட் ஒரு வழியைக் காட்டினார். தொழுநோயினால் மடங்கிப்போன கைகளுக்குச் செய்யப்படும் சத்திரசிகிச்சையை அமர்ந்திருந்தே செய்யலாம். அதற்குக் கால்கள் தேவையில்லை. உறுதியான கரங்களும் பொறுமையும் போதும்.

மேரி அவ்வழியே சென்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே, நலமாயிருக்கும் தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி, செயலிழந்த விரல்களை மீண்டும் இயங்கச் செய்யும் நுட்பமான பணியில் ஈடுபட்டார். தம் கால்களை அசைக்க இயலாதவர், பிறருடைய விரல்களுக்கு அசைவைக் கொடுத்தார்!

ஆயினும் அவருடைய காயத்திலிருந்து பிறந்த பெரும்பணி அதற்குப் பின்னரே வந்தது. அவர் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் தாமே புனர்வாழ்வுச் சிகிச்சை பெற்றார். பின்னர் நியூயோர்க்கில் அத்துறையிலேயே சிறப்புப் பயிற்சி பெற்று வேலூர் திரும்பினார். 1966 ஆம் ஆண்டில் அங்கே, நோயாளிகள் தங்கியிருந்து பயிற்சி பெறும் புனர்வாழ்வு நிலையம் உருவானது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது எப்படி, உணர்வற்ற உடலில் படுக்கைப் புண் வராமல் காப்பது எப்படி, மீண்டும் ஒரு தொழிலைச் செய்வது எப்படி என்பவை அத்தகைய இடத்தில் கற்க வேண்டிய பாடங்கள். அங்கு வந்தவர்களுக்கு அவர் புத்தகத்தில் படித்ததை மட்டும் சொல்லவில்லை. தாம் நாள்தோறும் வாழ்ந்ததைச் சொன்னார். 1972 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்து அவரைக் கௌரவித்தது. 1986 இல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

பிரியமானவர்களே, துன்பம் தானாகவே எவரையும் இரக்கமுள்ளவராக மாற்றுவதில்லை. அது சிலரைக் கசப்புள்ளவர்களாகவும் ஆக்கிவிடுகிறது. ஆறாத காயத்தை மூடி மறைப்பவன் பிறருடைய காயத்தையும் காண மறுப்பான். ஆகவே முதலில் நம் வேதனையை உள்ளபடியே ஆண்டவருடைய பாதத்தில் வைத்து, அவர் தரும் ஆறுதலைப் பெற்றுக்கொள்வோம். பெற்றவரால்தானே கொடுக்க இயலும்?

உயிர்த்தெழுந்த இயேசு தம் கைகளில் இருந்த தழும்புகளை மறைக்கவில்லை. சந்தேகித்த தோமாவுக்கு அவற்றையே காட்டினார். அவன் விசுவாசத்திற்கு அத்தழும்புகளே துணையாயின.

நம் தேசத்தில் போரிலும், 2004 இன் ஆழிப்பேரலையிலும் அன்புக்குரியோரை இழந்த வீடுகள் எத்தனை! நீங்களும் அப்படி இழந்தவராயிருக்கலாம். அப்படியாயின், மரண வீட்டிலே கூட்டம் கலைந்த பின்னர் வரும் தனிமை எத்தகையது என்பதை நீங்கள் அறிவீர்கள். இன்று அத்தனிமையில் இருக்கும் ஒருவரிடம் செல்லுங்கள். 'எல்லாம் நன்மைக்கே' என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் கதையையும் முந்திக்கொண்டு கூற வேண்டாம். அருகே அமர்ந்து கேளுங்கள். அழுதால் அழ விடுங்கள். அவர் கேட்கும் வேளையில், ஆண்டவர் உங்களை எப்படித் தாங்கினார் என்பதைச் சொல்லுங்கள்.

இழந்ததை நம்மால் திருப்பிக் கொடுக்க இயலாது. மேரியின் கால்களும் திரும்பவில்லை. ஆனால் தேவனுடைய கரத்தில் ஒப்படைக்கப்பட்ட எந்த வேதனையும் வீணாய்ப் போவதில்லை.

ஜெபம்: எங்கள் காயங்களை அறிந்த ஆண்டவரே, நீர் எங்களைத் தேற்றியதுபோல, துயருறும் ஒருவரையேனும் இவ்வாரம் நாங்கள் தேற்ற எங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்.