புழுதியில் உறையும் பூஞ்சை

பூஞ்சை என்றவுடன் ஊறுகாய்ச் சாடியில் படரும் வெண்படலமும், மழைக்காலத்துச் சுவரில் தோன்றும் பசுங்கறையும் நம் நினைவிற்கு வருகின்றன. தோலில் தோன்றும் படர்தாமரையையும் நாம் அறிவோம். உள்ளுறுப்புகளைத் தாக்கும் பூஞ்சை நோய்களோ பெரும்பாலும் எதிர்ப்பாற்றல் குன்றியோரையே பற்றும் என்பது மருத்துவத்தின் பொதுவிதி. அவ்விதிக்கு விலக்காக, நல்லுடல் கொண்ட உழவரையும் படைவீரரையும் மாணவரையும் வீழ்த்தவல்ல பூஞ்சை ஒன்றுண்டு. அது விளைவிக்கும் நோயைப் 'பள்ளத்தாக்குக் காய்ச்சல்' என்பர்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சான் வாக்கின் பள்ளத்தாக்கும், அரிசோனாவின் வறண்ட நிலங்களும் இதன் முதன்மையான உறைவிடங்கள். ஈரமண்ணில் இழையாக வளரும் இப்பூஞ்சை, வறட்சியில் கண்ணுக்குப் புலப்படா வித்துகளாக முறிந்துவிடுகிறது. காற்றெழுப்பும் புழுதியோடு அவ்வித்துகள் மூச்சில் கலக்கின்றன. நுரையீரலை அடைந்ததும் அதன் வடிவே மாறிவிடுகிறது. வித்து உருண்டையாகிப் பருக்கிறது. உள்ளே நூற்றுக்கணக்கான சிறு வித்துகளைச் சூல்கொண்டு வெடிக்கிறது. சிதறியவை ஒவ்வொன்றும் மீண்டும் ஓர் உருண்டையாக வளரத் தொடங்குகின்றன. நோயுற்றவரின் இருமலால் பிறருக்கு இது தொற்றுவதில்லை. மண்ணே இதன் தாயகம்.

1892இல் அர்ஜென்டினாவில் போசாடாஸ் என்பார், படைவீரர் ஒருவரின் உடலில் இந்நோயை முதன்முதலாகக் கண்டறிந்தார். எனினும் அதனை ஓரணு விலங்கால் வந்ததென்றே கருதினர். 1896இல் சூட்டிய அறிவியற்பெயரில் 'இம்மிட்டிஸ்' என்னும் இலத்தீன் சொல் இடம்பெற்றது. 'மென்மையற்றது' என்பது அதன் பொருள். பெயரிட்டோர் கண்டவை யாவும் உயிர் குடித்த நோய்களாயிருந்தமையின் அப்பெயர் பொருந்திற்று. அது பூஞ்சையே என்பது 1900இல் தெளிவாயிற்று.

1929இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர், ஆய்வுக்கூடத்தில் வளர்த்திருந்த வித்துகளைத் தவறுதலாக நுகர்ந்துவிட்டார். இறப்பது உறுதி என எண்ணப்பட்ட அவர், காய்ச்சலுற்றுக் கால்களில் செந்தடிப்புகள் தோன்றி, பின்னர் நலம் பெற்றார்! பள்ளத்தாக்கு மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த எளிய காய்ச்சலும், உயிர்க்கொல்லி எனப்பட்ட நோயும் ஒன்றே என்பது அதன்பின் புலனாயிற்று. பெயரிட்டோர் நோயின் ஒரு முகத்தை மட்டுமே கண்டிருந்தனர்.

இன்று நாம் அறிவது இது: தொற்றுற்றோரில் நூற்றுக்கு அறுபதின்மர் அளவில் எக்குறியும் அறியார். ஏனையோர்க்குக் காய்ச்சல், இருமல், மூட்டுவலி, வாரக்கணக்கில் நீடிக்கும் அயர்ச்சி ஆகியன தோன்றும். ஏறத்தாழ நூற்றில் ஒருவர்க்கே அது நுரையீரலைக் கடந்து தோல், எலும்பு, மூளையுறை ஆகியவற்றிற்குப் பரவும். மூளையுறையைப் பற்றினால் புளுக்கோனசோல் போன்ற மருந்தை வாழ்நாள் முழுதும் உட்கொள்ளவேண்டியிருக்கும். தடுப்பூசி இன்னும் மாந்தர்க்குக் கிட்டவில்லை.

இடர் பெரிதாவது நோயறிவதில்தான். மார்பு ஊடுகதிர்ப் படம் நிமோனியா என்றோ, காசநோய் என்றோ, புற்றுநோய் என்றோ மருத்துவரை மயக்கிவிடுகிறது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் பூஞ்சையை ஒன்றும் செய்வதில்லை. "எந்த ஊரில் இருந்தீர்? எங்குப் பயணம் செய்தீர்?" என்னும் ஒரு வினாவைக் கேட்க மறந்தமையால் வாரங்களை இழந்தோர் பலர்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அப்பள்ளத்தாக்கின் பயிற்சி வானூர்தித் தளங்களில் வீரர்கள் நோயுற்றபோது, சார்லஸ் ஸ்மித் என்னும் மருத்துவர் மருந்தைத் தேடாமல் மண்ணை நோக்கினார். வெற்றிடங்களில் புல் வளர்க்கவும், புழுதி எழும் நிலத்தில் எண்ணெய் தெளிக்கவும் செய்தார், நோய் குறைந்தது. 1994 சனவரி 17இல் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் மலைச்சரிவுகளைக் குலுக்கிப் புழுதிமேகங்களை எழுப்பிற்று. அடுத்த சில வாரங்களில் வென்சுரா மாவட்டத்தில் 203 பேர் நோயுற்றனர், மூவர் மாண்டனர். நில அதிர்ச்சியில் உயிர் தப்பியோரைக் காற்று தேடிச்சென்றது.

கட்டடத் தொழிலாளர்க்கு இந்நோய் குறித்துப் பயிற்சியளிக்க வேண்டும் என 2019இல் கலிபோர்னியா சட்டம் இயற்றியது. நோய் மிகுந்த மாவட்டங்களுக்கு உரிய அச்சட்டம் கட்டுமானத் தொழிலை முன்னிட்டது. அதே புழுதியில் குனிந்து உழைக்கும் வயல் தொழிலாளர் அதில் சேர்க்கப்படவில்லை.