பனிச்சாலைக்கு ஒல்லி டயர்

மான்ட்ரியலில் வசிக்கும் வாசகி ஒருவர் கோடையில் கார் வாங்கினார். 17 அங்குல ரிம், 225 மில்லிமீட்டர் அகல டயர். குளிர்காலத்துக்கு வேறு டயர் கேட்டு கராஜுக்குப் போனால், 15 அங்குல ரிம்மும் 195 மில்லிமீட்டர் டயரும் போதும் என்கிறார்கள். "காசு மிச்சம்தான். ஆனால் சின்னச் சில்லு போட்டால் கார் பழையபடி ஓடுமோ? பனியிலை இன்னும் சறுக்காதோ?" என்று எழுதிக் கேட்டிருக்கிறார்.

நியாயமான பயம். பந்தயக் கார்களின் அகலமான டயர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அகலம் கூடினால் பிடிப்பும் கூடும் என்றுதான் தோன்றும். காய்ந்த தார்ச்சாலையில் அது பெரும்பாலும் சரி. பனியில் தலைகீழ்.

குளிர்கால டயர் தேவையா என்ற கேள்வியைக் கியூபெக் மாகாணத்தில் யாரும் இப்போது கேட்பதில்லை. 2008 முதல் அங்கே அது சட்டம். இன்றைய விதிப்படி டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை காரின் நான்கு சக்கரங்களிலும் குளிர்கால டயர் இருந்தாக வேண்டும். டயரின் பக்கத்தில் மூன்று சிகரங்கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்த முத்திரையும் இருக்க வேண்டும். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது கோடை டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்குகிறது. குளிர்கால டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் மெத்தென்றே இருக்கும். வாசகியின் கேள்வி அளவைப் பற்றியது.

முதலில், எது சிறியதாகிறது? வாசகியின் காரில் இருக்கும் டயரில் 225/45 ஆர்17 என்று எழுதியிருக்கும். அகலம் 225 மி.மீ.; பக்கவாட்டுச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், அதாவது 101 மி.மீ.; ரிம் 17 அங்குலம். கூட்டிப் பார்த்தால் டயரின் முழு விட்டம் 634 மி.மீ. கராஜில் சொன்ன 195/65 ஆர்15 அளவைக் கணக்கிட்டாலும் விட்டம் அதே 634 மி.மீ.தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இடைப்பட்ட 205/55 ஆர்16 அளவு 632 மி.மீ. வரும். ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரின் பல மாடல்கள் இந்த மூன்று அளவுகளிலும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. ஆக, சிறியதாவது ரிம்மும் அகலமும் மட்டுமே. இரும்பு குறைந்த இடத்தை ரப்பரும் காற்றும் நிரப்பிக்கொள்கின்றன. சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் மாறாது. வேகமானி பொய் சொல்லாது, கியர்களின் கணக்கும் கெடாது.

இந்தக் கணக்கைப் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா கொடுத்தார் என்று 195/55 ஆர்15 மாட்டினால் விட்டம் 595 மி.மீ.க்கு இறங்கிவிடும். காரின் வயிறு தரையை நோக்கி இரண்டு சென்டிமீட்டர் தாழும். வேகமானி 100 காட்டும்போது கார் 94 கிலோமீட்டர் வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கும். பனி மூடிய தெருவில் அந்த இரண்டு சென்டிமீட்டர் உயரம் எவ்வளவு விலைமதிப்பற்றது என்பதை, பனியை ஒதுக்கித் தெருவைச் சுத்தம் செய்த வண்டி வீட்டு வாசலில் குவித்துவிட்டுப் போன பனிமேட்டைக் கடக்க முயன்றவர்கள் அறிவார்கள்.

இனி, பனியில் அகல டயரைவிட ஒல்லி டயர் நன்றாகப் பிடிக்கும் என்ற அந்த வினோதத்துக்கு வரலாம். ஒல்லி டயர் தரையைத் தொடும் பரப்பு குறைவு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்படியில்லை. ஒரு சக்கரம் 350 கிலோ எடையைத் தாங்குகிறது, உள்ளே காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை அந்த அழுத்தம் தாங்கிப்பிடிக்க ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர் பரப்பு வேண்டும். டயர் அகலமோ ஒல்லியோ, எடையும் அழுத்தமும் மாறாதவரை பரப்பும் பெரிதாக மாறாது. மாறுவது அதன் வடிவம். அகல டயரின் தடம் பக்கவாட்டில் நீண்டு முன்பின்னாகக் குட்டையாக இருக்கும். ஒல்லி டயரின் தடம் முன்பின்னாக நீளும்.

பனியில் இந்த வடிவமாற்றம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உருளும் டயர் தனக்கு முன்னால் கிடக்கும் பனியை அமுக்கியும் ஒதுக்கியும்தான் முன்னேற வேண்டும். 195 மி.மீ. டயர் ஒவ்வொரு சக்கரத்திலும் மூன்று சென்டிமீட்டர் குறுகலான பாதையை வெட்டிக்கொண்டு போகிறது. தள்ள வேண்டிய பனி குறைகிறது. பாதி உருகிக் கஞ்சியாகக் கிடக்கும் பனிச்சேற்றில் ஆதாயம் இன்னும் அதிகம். அகல டயர் அந்தக் கஞ்சியை ஒதுக்க நேரமில்லாமல் அதன்மேல் ஏறி மிதக்கத் தொடங்கும் வேகத்திலும், ஒல்லி டயர் தரையை விடாமல் பிடித்திருக்கும். தடம் முன்பின்னாக நீள்வதால், டயரின் மேற்பரப்பில் துருத்தியிருக்கும் ரப்பர்க் கட்டிகளில், அதாவது பட்டன்களில், ஒன்று பிடிப்பை இழந்தாலும் அதே பாதையில் அடுத்தடுத்து வரும் பட்டன்களின் விளிம்புகள் பனியைக் கடிக்கின்றன.

காவிரிப் படுகையின் மண்சாலைகளில் மாட்டுவண்டி ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மழை பெய்து ஓய்ந்த பாதையில், இரும்புப் பட்டை கட்டிய ஒடுக்கமான சக்கரம் மேற்சேற்றைப் பிளந்துகொண்டு கீழே இருக்கும் கெட்டித் தரையைத் தேடிப்போகும். அதே வண்டியை உழுத நன்செயில் இறக்கினால் அச்சுவரை புதையும். அங்கே அடியில் கெட்டித் தரை எட்டாது.

பனியுலகில் இந்த இரண்டு நிலைக்கும் உதாரணங்கள் உண்டு. உலக ரேலி சாம்பியன்ஷிப்பின் ஸ்வீடன் சுற்றில், தார்ச்சாலைப் போட்டிகளில் அகலமான 18 அங்குல சக்கரத்தில் ஓடும் அதே கார்கள் 15 அங்குல ரிம்மில் ஒல்லியான டயரை மாட்டிக்கொண்டு வருகின்றன. ஒவ்வொரு டயரிலும் 384 ஆணிகள். மேலே கிடக்கும் தளர்ந்த பனியை அறுத்துக்கொண்டு கீழே உறைந்த ஐஸில் ஆணியை இறக்குவதுதான் அந்த டயரின் வேலை. மெத்தைபோல் அகலமாக இருந்தால் ஆணிகள் ஐஸை எட்டாமலே போகும். ஐஸ்லாந்தின் பனிப்பாறைகள் மேல் ஓடும் ஜீப்புகளிலோ 38 அங்குலம், 44 அங்குலம் விட்டமுள்ள பிரம்மாண்டமான அகல டயர்கள். ஓட்டுநர்கள் இறங்கிக் காற்றைத் திறந்துவிட்டு, சில பிஎஸ்ஐ மட்டும் மிச்சம் வைத்துக்கொள்வார்கள். அங்கே பனிக்கு அடி இல்லை. எனவே அதன்மேல் மிதந்தாக வேண்டும். மான்ட்ரியல் தெருக்களில் பனிக்கு அடியில் தார் இருக்கிறது. வாசகிக்குத் தேவை ஸ்வீடன் வழி.

பனியின் இன்னொரு குணத்தையும் சொல்லியாக வேண்டும். பனியை மிக நன்றாகப் பிடித்துக்கொள்ளும் பொருள்களில் ஒன்று பனியேதான். உருண்டை பிடித்து எறியும் குழந்தைக்கும் அது தெரியும். குளிர்கால டயரின் ஆழமான பள்ளங்களில் பனி திணிந்து இறுகி, தெருவில் கிடக்கும் பனியோடு கோத்துக்கொள்கிறது. பள்ளத்தில் பனி அப்பியிருக்கிறதே என்று குச்சியால் தோண்டி எடுப்பவர்கள் பிடிப்பையும் சேர்த்துத்தான் எடுத்து எறிகிறார்கள்.

ஆனால் வெறும் ஐஸில் ஒல்லித்தனத்துக்கு மந்திரம் கிடையாது. அதுவும் பூஜ்யம் டிகிரியை ஒட்டி, மேலே மெல்லிய நீர்ப்படலம் பூத்த ஐஸ்தான் இருப்பதிலேயே மோசம். அங்கே உதவுவது ரப்பரின் மென்மையும், பட்டன்களில் கத்தியால் கீறியதுபோல் இருக்கும் நூற்றுக்கணக்கான வெட்டுகளும்தான். அந்த வெட்டுகளை ஆங்கிலத்தில் சைப் என்கிறார்கள். 1923-இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ஜான் சைப்பின் பெயர் அது. இறைச்சிக்கூடத்தின் ஈரத் தரையில் வழுக்காமலிருக்கத் தன் செருப்பின் அடியைக் கீறிக்கொண்டதில் அவருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள்.

சரி, கார் ஓட்டும்போது என்ன தெரியும்? புது டயர் மாட்டிய முதல் நாள், சாலை காய்ந்திருந்தால், வாசகிக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வெடுக்கென்று திரும்பிய கார் இப்போது ஒரு கணம் தாமதித்துத் திரும்பும். பக்கவாட்டுச் சுவர் 101 மி.மீ.யிலிருந்து 127 மி.மீ.க்கு உயர்ந்துவிட்டது; திருப்பத்தின் விசையில் முதலில் அந்தச் சுவர் நெளிகிறது, பிறகு மென்மையான பட்டன்கள் நெளிகின்றன, அதன் பிறகே கார் பக்கம் மாறுகிறது. காய்ந்த சாலையில் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் கோடை டயரைவிடக் கூடும். நவம்பர் மாத வெயிலில் நெடுஞ்சாலையில் முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போகும் பழக்கம் இருந்தால் அதை அன்றே விட்டுவிட வேண்டும்.

அதே உயரமான சுவர் வேறோரிடத்தில் கைகொடுக்கும். உறைந்து உருகி, உறைந்து உருகி மான்ட்ரியல் சாலைகள் வசந்தத்தில் குழிகளாகக் கிடக்கும். 17 அங்குல ரிம்மில் குழி நேராக இரும்பில் இடிக்கும். 15 அங்குலத்தில் நடுவே கூடுதலாக இரண்டரை சென்டிமீட்டர் காற்றும் ரப்பரும் இருந்து அடியை வாங்கிக்கொள்கின்றன. ரிம் வளைவது குறையும், முதுகுக்கும் நல்லது.

எவ்வளவு தூரம் சிறிதாக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. முன்சக்கரத்து பிரேக் காலிப்பர் ரிம்முக்குள் அடங்க வேண்டும். வேகத்துக்கென்றே செய்த மாடல்களில் 15 அங்குலம் உள்ளே நுழையாது. எடைக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். முன்பு சொன்ன மூன்று அளவுகளிலும் 91 என்ற குறியீட்டோடு டயர்கள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் 615 கிலோ தாங்கும். அதற்குக் குறைந்ததைக் கடைக்காரர் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லத் தயங்கக் கூடாது. வேகக் குறியீடு குறையலாம்: கியூ என்றால் மணிக்கு 160 கிலோமீட்டர், கியூபெக் நெடுஞ்சாலையின் உச்ச வேகமோ 100.

பக்கத்து மாகாணமான ஒன்டாரியோவில் குளிர்கால டயர் கட்டாயமில்லை. 2016 ஜனவரி முதல் அதைப் போடுபவர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்ற விதி மட்டும் உண்டு. கட்டாயமில்லாததால் டொரொன்டோவிலும் ஸ்கார்பரோவிலும் பலர் 'ஆல் சீசன்' டயரிலேயே குளிர்காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும் வண்டி இருக்கிறதே என்கிறார்கள். அந்த வசதி வண்டியைக் கிளப்ப உதவும். நிறுத்துவதற்கு எல்லாக் கார்களுக்கும் நான்கு பிரேக்குகள்தான், அவை பிடித்து நிற்க டயர் வேண்டும். இன்னும் சிலர் செலவைப் பாதியாக்கி முன்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் வாங்குகிறார்கள். இதைவிட ஆபத்தான சிக்கனம் இல்லை. முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் சறுக்கி, திருப்பத்தில் கார் தன்னைத்தானே சுற்றிவிடும். குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் காரில் இதைச் செய்யலாமா? பெரிய ரிம்முக்குக் கொடுக்கும் பணத்தில் சின்ன ரிம்மோடு நான்கு டயர் வாங்கலாம் என்பதே அளவைக் குறைப்பதற்கு முதல் காரணமாக இருக்க வேண்டும்.

பழைய டயர் வாங்குபவர்கள் பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கங்களைப் படிக்க வேண்டும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. பட்டனின் ஆழம் நான்கு மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால் அது பனிக்கு உதவாது. சட்டம் அனுமதித்தாலும் உதவாது.

காற்று விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 20 டிகிரி சூடேற்றிய கராஜுக்குள் 33 பிஎஸ்ஐ அடித்த டயரை மைனஸ் 20 டிகிரி வெளியில் நிறுத்தினால், ஓட்டையில்லாமலேயே ஆறேழு பிஎஸ்ஐ இறங்கிவிடும். ஏற்கெனவே நெகிழ்வான உயரச் சுவர் அப்போது இன்னும் தொளதொளக்கும். எனவே இரவெல்லாம் வெளியே குளிர்ந்து நின்ற டயரில்தான் அளந்து அடிக்க வேண்டும். சக்கரம் சுழலும் வேகத்தைக் கொண்டு காற்றழுத்தத்தைக் கணிக்கும் கார்களில், டயர் மாற்றியதும் அந்த எச்சரிக்கை முறையைப் புதிதாகப் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு வாசகி செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முதல் பனி விழுந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆள் நடமாட்டமில்லாத பெரிய வாகன நிறுத்துமிடத்துக்குப் போய், 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை முழுவதுமாக மிதித்துப் பார்க்கலாம். ஏபிஎஸ் காலுக்கடியில் தடதடக்கும். காலை எடுக்காமல் அழுத்தியே வைத்திருக்க வேண்டும். எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதே இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பியபடி இன்னொரு முறை. காரில் வேறு யார் ஓட்டுகிறார்களோ அவர்களும் அன்றே செய்து பார்த்துவிடுவது நல்லது.