பகிர்ந்தால் தோல்வியா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து அமரில்லோ நகரில், கௌபாய் பாணியில் அமைந்த 'பிக் டெக்சன்' உணவகம் 1960 முதல் நடைபெறுகிறது. ஏறக்குறைய 2 கிலோ மாட்டிறைச்சியை இறால், உருளைக்கிழங்கு, சாலட், ரொட்டியுடன் ஒரு மணி நேரத்திற்குள் உண்டு முடிப்பவருக்கு அங்கே உணவு இலவசம். முடியாதவர் விலை கொடுக்கவேண்டும். இடையில் எழக்கூடாது. வேறொருவர் அத்தட்டைத் தொட்டாலும் தோல்வியே!

வேடிக்கையென்று நகைக்கிறோம். பிழைப்புக்காகப் பெருநகரத்தில் குடியேறிய நம் இல்லங்களில் நடப்பதென்ன? ஆளுக்கொரு நேரம், தனித்தனித் தட்டு, கண்களோ கடிகாரத்தின்மேல்! வனாந்தரத்தில் கர்த்தர் தலைக்கு ஓர் ஓமர் அளவாகவே மன்னாவை அளித்தார் (யாத்திராகமம் 16). ஒருவரும் குறைவுபடவில்லை.

வாரத்தில் ஓர் இரவாவது குடும்பமாய் ஜெபித்து, ஒரே பந்தியில் அமருங்கள். ஊரைவிட்டு வந்து அடுத்த அறையில் தனித்திருக்கும் வாலிபனையும் அழையுங்கள். இப்பந்தியில் பகிருகிறவரே ஜெயங்கொள்ளுகிறவர்.