எந்தத் தணிகாசலம்?

திருத்தணி மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் தணிகாசலம், தணிகைவேல், சுப்பிரமணி என்ற பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஆந்திர எல்லையோரம் இருக்கும் நெசவூரான பொதட்டூர்பேட்டையில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. தமிழ் வழக்கில் அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். தெலுங்கு வழக்கில் ‘இன்ட்டி பேரு’ என்னும் வீட்டுப்பெயர் முன்னால் வரும். இரண்டு வழக்கும் கலந்த குடும்பத்தில் ஒரே ஆளின் பெயர் ரேஷன் கார்டில் ஒரு விதமாகவும் பத்திரத்தில் வேறு விதமாகவும் இருக்கலாம். ஊர்க்காரருக்கு இதில் குழப்பமில்லை. ‘எந்தத் தணிகாசலம்?’ என்றால் தெருவையும் தறியையும் சொல்லி அடையாளம் காட்டிவிடுவார். பதிவுகளைப் பொருத்திப் பார்க்கும் மென்பொருளுக்கு அந்தத் தெரு தெரியாது.

தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தெலங்கானா காட்டிவிட்டது. அங்கே ‘சமக்ர வேதிகா’ என்ற மென்பொருள் அமைப்பு, பல துறைகளின் பதிவுகளைப் பெயர், முகவரி கொண்டு இணைத்து, உதவிபெறத் தகுதியற்றவர் யார் என்று கணித்தது. பெயர் ஒத்த வேறொருவரின் கார் ஒரு ரிக்‌ஷாக்காரர் கணக்கில் ஏறியது. அவர் வீட்டின் ரேஷன் நின்றது. 2016 முதல் ரத்தான சுமார் 19 லட்சம் கார்டுகளை நேரில் சரிபார்க்கும்படி 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் சரிபார்த்த ஏறத்தாழ 2 லட்சம் விண்ணப்பங்களில் 15,471 தகுதியானவை என்று தெரியவந்தது. பொதட்டூர்பேட்டை போன்ற ஒரு பேரூராட்சியின் மொத்த வீடுகளையும்விட இது அதிகம். அந்த மென்பொருளைச் செய்யும்போதே ரேஷன் வாங்குவோரை உட்காரவைத்துக் கேட்டிருந்தால், பெயர்க் குழப்பம் முதல் நாளே வெளிப்பட்டிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படிக் கேட்கச் சொன்னால், இத்தகைய செயற்கை நுண்ணறிவு பற்றி நெசவாளிக்கு என்ன தெரியும் என்பார்கள். நிரல் எழுதத் தெரிய வேண்டாம். பதிவிலுள்ள எண் எதைக் குறிக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். தமிழ்நாடு அரசு பெண்களுக்குத் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் ஒரு வரம்பு. விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை இலவசம் தருவதும் இதே அரசுதான். வீட்டோடு தறி ஓடும் இடத்தில் எந்த மீட்டர் வசதியைச் சொல்கிறது, எது கூலியைச் சொல்கிறது என்பதைப் பிரித்துக்காட்டத் தறிக்காரர் வேண்டும். விதிகளை வெளியே சொன்னால் ஏமாற்றுவார்கள் என்ற அச்சமும் நிற்காது. உரிமைத் தொகையின் விதிகளை அறிவித்த பிறகுதான் விண்ணப்பமே வாங்கினார்கள். நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் சொல்லி மேல்முறையீட்டுக்கும் இடம் கொடுத்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது.

மக்களைக் கேட்டுச் செய்தால் காலதாமதம் ஆகும் என்பது உண்மை. ஆனால் நூறு நாள் வேலைச் சட்டமே கிராம சபையின் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது; எல்லைக்கு அப்பால் ஆந்திரம் 2006 முதல் அதை ஊர் ஊராக நடத்தியது, வேலையும் நின்றுபோகவில்லை. குடும்பத்தின் சொத்தையும் வருமானத்தையும் நாலு பேர் முன் வாசிப்பது மானக்கேடு என்ற மறுப்பைத்தான் நான் மதிக்கிறேன். அதனால் விதிகளைப் பொதுவில் விவாதிக்கட்டும்; எந்தெந்தப் பதிவு தன் பெயரோடு ஒட்டப்பட்டிருக்கிறது என்ற தாளை, உதவியை நிறுத்தும் முன்பே, அந்தந்த வீட்டார் கையில் மட்டும் தமிழிலும் தெலுங்கிலும் கொடுக்கட்டும்.