கல்லூரிக்குப் போகுமுன் பிள்ளையோடு ஒரு தொடர் பாருங்கள்

கல்லூரி விடுதிக்குப் போகும் பிள்ளைக்குப் போர்வை, மடிக்கணினி, ரைஸ் குக்கர் எல்லாம் வாங்கிக் கொடுக்கிறோம். மது, மனச்சோர்வு, தனிமை பற்றி மட்டும் பேசாமல் விட்டுவிடுகிறோம். பேசத் தொடங்கினாலும் அது அறிவுரையாகிவிடும்; பிள்ளைகள் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வார்கள். கதாபாத்திரம் ஒன்றைப் பற்றிப் பேசுவது இதைவிட இருவருக்கும் சுலபம்.

கதை வழியாகச் சுகாதாரச் செய்தி சொல்வது புதிதல்ல. 1988இல் ஹார்வர்ட் பொதுச் சுகாதாரப் பள்ளி ஹாலிவுட் தயாரிப்பாளர்களை அணுகியது. நண்பர் கூட்டத்தில் ஒருவர் குடிக்காமலிருந்து காரோட்டும் வழக்கம், அதன்பின் ‘சியர்ஸ்’ போன்ற தொடர்களின் வசனங்களில் இடம்பெற்றது. ‘டெசிக்னேட்டட் டிரைவர்’ என்ற சொல் அமெரிக்காவில் பரவியதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

நம் வீடுகளுக்குப் பொருத்தமான தொடர், நெட்ஃபிளிக்ஸில் 2020 முதல் 2023 வரை வெளியான ‘நெவர் ஹேவ் ஐ எவர்’. கலிபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண் தேவியாக நடித்தவர் மைத்ரேயி ராமகிருஷ்ணன்; கனடாவில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண். இது பாடத்திட்டமல்ல, நகைச்சுவைத் தொடர். கூச்சப்படுத்தும் பேச்சும் காட்சிகளும் உண்டு. ரிமோட்டைத் தேடாமல் உட்கார்ந்திருங்கள். பேசுவதற்கு மூன்று விஷயங்கள்:

1. துயரம். தந்தை திடீரென இறந்தபின் தேவியின் கால்கள் சில மாதங்கள் இயங்குவதில்லை. இது நடிப்பல்ல. நரம்பு அறுபடாமலே மூளைக்கும் உடலுக்கும் இடையிலான தொடர்பு குழம்பும் நிலையை மருத்துவர்கள் அறிவார்கள். தேவி உளநல ஆலோசகரிடம் தொடர்ந்து போகிறாள். போரைக் கடந்து வந்த எங்களில் பலர் துயரத்தை விழுங்கியே பழகிவிட்டோம். ஆலோசகரிடம் போனால் ‘விசர்’ என்பார்கள் என்று அஞ்சுகிறோம். அந்த அச்சத்தைப் பிள்ளையின் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். கல்லூரியின் ஆலோசனை நிலைய எண்ணையும், நெருக்கடி உதவி எண்ணான 988ஐயும் கைப்பேசியில் சேர்க்கச் சொல்லுங்கள்.

2. மது. பார்ட்டிக் காட்சி வந்தால், “குடித்த நண்பரை எழுப்ப முடியாவிட்டால் என்ன செய்வாய்?” என்று கேளுங்கள். “தூங்கவிடுவேன்” என்பது ஆபத்தான பதில். உடனே 911ஐ அழைக்க வேண்டும், ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், தனியே விடக்கூடாது. நியூ ஜெர்சி, கலிபோர்னியா, டெக்சாஸ் மூன்றிலும், 21 வயதுக்குட்பட்டவர் உதவிக்கு அழைத்து, உதவி வரும்வரை உடனிருந்தால் மது அருந்திய குற்றத்திலிருந்து சட்டம் பாதுகாப்புத் தருகிறது. இதைப் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும்.

3. பிரிவு. கடைசிப் பருவத்தில் தேவிக்கு நியூ ஜெர்சியிலுள்ள பிரின்ஸ்டனில் இடம் கிடைக்கிறது. அம்மா நளினி ஒரு தோல் மருத்துவர். அவரைப் போன்ற ஒரு மருத்துவர்கூட, பிள்ளைக்கு 18 வயதானபின் அனுமதியின்றி அதன் மருத்துவ விபரத்தைப் பொதுவாகக் கேட்டுப் பெற முடியாது. ஆகவே பிள்ளை சம்மதித்தால், உங்கள் மாநிலத்துக்குரிய மருத்துவ அதிகாரப் பத்திரத்தில் புறப்படுமுன் கையெழுத்திடட்டும்.

வாரம் ஓர் அத்தியாயம் போதும். அரை மணி நேரம்தான். “நீ இப்படிச் செய்வாயா?” என்று விசாரிக்காதீர்கள். “தேவி யாரிடம் சொல்லியிருக்கலாம்?” என்று கேளுங்கள். பிறகு பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள். ஒரு நள்ளிரவில் பிள்ளைக்கு உதவி தேவைப்படும்போது, முதலில் உங்களை அழைக்கத் தயங்காமலிருக்க இந்தப் பழக்கம் உதவும்.