இடைவிலகிய பிள்ளைகளுக்குச் சமாதானம் கற்பிப்பது யார்?

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே போனால் ஏறாவூர், செங்கலடி, கொம்மாதுறை, வந்தாறுமூலை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டபடி வரும். ஏறாவூரில் முஸ்லிம்கள் பெரும்பான்மை, வந்தாறுமூலையில் தமிழர். சந்தையும் பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் எல்லாருக்கும் பொது. பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடங்கள்தான் வேறு வேறு.

இங்கே தமிழர் முஸ்லிம் உறவைப் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்பார்கள். ஆனால் 1990 ஆகஸ்டில் ஏறாவூரில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் நூற்றுக்கும் அதிகமான முஸ்லிம்கள் மாண்டார்கள். அடுத்த மாதம் 5ஆம் திகதி, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் திரும்பவே இல்லை. ஒவ்வொரு ஊரும் தன் இழப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறது. அயலூரின் இழப்பை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லை.

கல்வி அமைச்சு 2008இல் சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்விக் கொள்கையை வெளியிட்டது. அது பாடசாலைக்கானது. சாதாரண தரத்துக்கு முன்பே இடைவிலகி, மேசன் வேலைக்கோ கடைக்கோ தொழிற்பயிற்சிக்கோ போகும் பிள்ளைக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? ஊரில் ஒரு கைகலப்பு வந்தால் முதலில் கூப்பிடப்படுகிறவன் அவன்தான்.

மண்ணில் இருக்கும் முன்மாதிரிகள்

மட்டக்களப்பில் இயேசு சபையினரின் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தில் வெவ்வேறு சமூகத்து இளைஞர்கள் ஒன்றாகத் தொழில் பயின்றார்கள். அதை நடத்திய அமெரிக்கரான யூஜின் ஹெபர்ட் அடிகளார், 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். வந்தாறுமூலையைக் கடந்து வரும் பாதை அது.

1996இல் மட்டக்களப்பில் பிள்ளைகளுக்கான வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. கனடியக் கலைஞர் போல் ஹோகனும் உளவளத் துணையாளரான போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதை முன்னின்று வளர்த்தார்கள். தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் அங்கே களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், சேர்ந்து கதை கட்டி நடித்தார்கள். யுத்தம் ஓயாத காலத்தில் அது நடந்தது என்பதை மறக்கக்கூடாது.

பாடம் எப்படி இருக்க வேண்டும்?

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மத்தியஸ்த சபை நல்ல தொடக்கம். அங்கே தீர்ப்பு இல்லை. இரு தரப்பும் இணங்கினால்தான் முடிவு. அதேபோல் வகுப்பில் ஒரு வேலி வழக்கையோ கடன் தகராறையோ எடுத்து, பிள்ளைகளையே மத்தியஸ்தராக இருத்தலாம். பதில் சொல்லுமுன், எதிராளி சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது முதல் விதி. 'அவன் என்ன கேட்கிறான்' என்பதோடு 'அவனுக்கு ஏன் அது வேணும்' என்றும் விசாரிக்கப் பழகுவது அடுத்தது. சிறு வழக்கில் கை பழகியவர்களால்தான் 1990ஐயும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21ஐயும் ஒரே அறையில் இருந்து பேச முடியும்.

இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். செங்கலடிக்கும் ஏறாவூருக்கும் பொதுவான ஒரு தொழிற்பயிற்சி வகுப்பு போதும். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் இருக்கிறார்கள். அதன் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் பயின்றவர்கள் இருக்கிறார்கள். வாரம் ஒரு பின்னேரத்தை இவர்கள் அந்த வகுப்புக்குத் தரலாம். பரீட்சையில் தவறிய பிள்ளையைச் சமாதானத்திலிருந்தும் தள்ளி வைத்தால், அடுத்த கலவரத்துக்கு ஆள் சேர்ப்பது நாமாகவே இருப்போம்.