சுத்தியலுக்குத் தப்பும் தூண்கள்

பழைய வீடு ஒன்றை இடிக்கப் போகிறார்கள் என்றால், சேதி ஊருக்குள் பரவ அதிக நேரம் ஆகாது. மரத்துக்கு ஒருவர் வருவார். கருங்கல்லுக்கு ஒருவர் வருவார். ஓட்டுக்கு ஒருவர் வருவார். கடைசியாக வருபவர் காயலான் கடைக்காரர். கையில் சம்மட்டி, வண்டியில் தராசு!

தேக்கு மரத்தை யாரும் விறகு விலைக்குக் கொடுப்பதில்லை. ஆனால் அதே வீட்டில், மூன்று தலைமுறையாக மாடியைத் தாங்கி நின்ற இரும்புத் தூணை மட்டும் நாலு துண்டாக உடைத்து, கிலோக் கணக்கில் போட்டு விடுகிறார்கள். அது என்ன இரும்பு என்று தெரியாததுதான் காரணம்.

அது சாதாரண இரும்பு அல்ல. வார்ப்பிரும்பு!

கஞ்சி போல் ஊற்றியது

இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, வளைத்து உருவாக்குவது கொல்லன் பட்டறை வேலை. வார்ப்பிரும்பு அப்படி அல்ல. இரும்பைக் கஞ்சி போல் உருக்கி, மணல் அச்சில் ஊற்றி, ஆறவிட்டு எடுப்பது. இட்லித் தட்டில் மாவு ஊற்றுவது போலத்தான். அச்சில் பூ இருந்தால் தூணிலும் பூ இருக்கும். அச்சில் சிங்கம் இருந்தால் தூணிலும் சிங்கம் இருக்கும்.

இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றின் மேல் 1779-ல் வார்ப்பிரும்பாலேயே ஒரு பாலம் எழுப்பினார்கள். அடுத்த நூறு ஆண்டுகளில் தூண், கிராதி, படிக்கட்டு, விளக்குக் கம்பம் எல்லாம் வார்ப்பிரும்பிலே வந்துவிட்டன. பம்பாயில் 1860-களில் கட்டிய வாட்சன் ஹோட்டலின் எலும்புக்கூடு முழுவதும் இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்ததுதான். 1897 முதல் 1912 வரை கட்டிய மைசூர் அரண்மனையின் கல்யாண மண்டபத் தூண்கள், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், வால்டர் மக்பர்லேன் கம்பெனியின் சாரசன் வார்ப்படச் சாலையில் வார்த்தவை. அந்தக் கம்பெனி படம் போட்ட பெரிய புத்தகமே அச்சிட்டு வைத்திருந்தது. எண்ணைச் சொன்னால் தூண் கப்பலேறும்!

குளிர் தேசங்களில் இதே வார்ப்பிரும்பில் வீட்டைச் சூடாக்கும் கூடுகளையும் செய்தார்கள். உள்ளே வெந்நீரோ நீராவியோ ஓடும், அறை கதகதப்பாகும். அங்கே பழைய வீடுகளை இடிக்கும்போது அந்தக் கூடுகளை மீட்டு, துருவை நீக்கி விற்பதற்கென்றே வியாபாரிகள் இருக்கிறார்கள். விருதுநகர் வெயிலில் வீட்டுக்குள் இன்னும் சூடு ஏற்ற யாருக்கு ஆசை வரும்? இங்கே மீட்க வேண்டியவை தூண்களும் கிராதிகளும்தான்.

செட்டிநாட்டுச் செல்வம்

விருதுநகரில் ரயில் ஏறி அருப்புக்கோட்டை, மானாமதுரை, சிவகங்கை வழியாகப் போனால் காரைக்குடி. 1985 வரை இரண்டு ஊர்களும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம்தான். காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில், பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் பொருள் ஈட்டிய நகரத்தார் கட்டிய வீடுகள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. மரம் பர்மாத் தேக்கு. பளிங்கு இத்தாலி. இரும்பு சீமையிலிருந்து வந்தது.

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் குதித்தது. 1942-ல் பர்மா விழுந்தது. பர்மாவுக்கு 1948-ல் சுதந்திரம் வந்த பிறகு நிலங்களும் கைவிட்டுப் போயின. கடல் தாண்டி வந்த வருமானம் நின்றது. வீடுகள் மட்டும் நின்றன. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். கூரை ஒழுகினால் செலவு யார் செய்வது? ஒழுகவிட்டே பல வீடுகள் போயின. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்க்கப்பட்டன. பட்டியல் வந்ததால் கூரை ஒழுகுவது நிற்குமா?

இடிந்த வீடுகளின் கதவும் தூணும் கண்ணாடியும் கடிகாரமும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. பீங்கான் பூசிய தட்டு முதல் ரவிவர்மா படம் வரை அங்கே பார்க்கலாம்.

அடையாளம் காண்பது எப்படி?

முதலில் காந்தம். பள்ளிப் பிள்ளைகள் விளையாடும் காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அது அலுமினியத்தில் வார்த்துக் கறுப்பு வர்ணம் அடித்த புதுச் சரக்கு! தூக்கிப் பார்த்தாலும் தெரியும். அலுமினியத்தைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் கனம் வார்ப்பிரும்பு.

அடுத்து, தூணின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டிப் பாருங்கள். மெல்லிய கோடு ஒன்று தட்டுப்படும். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் அது. கொல்லன் அடித்த தேனிரும்பில் அந்தக் கோடு இருக்காது. சம்மட்டி பட்ட தடமும், ஆணியோ பட்டையோ போட்டுச் சேர்த்த இடமும் இருக்கும். தட்டினால் எஃகு கணீரென்று ஒலிக்கும். வார்ப்பிரும்பின் ஒலி மந்தமாக இருக்கும். ஏற்கெனவே உடைந்த ஓரம் இருந்தால் சந்தேகமே இல்லை: உள்ளே சாம்பல் நிறமாய், பொடிப் பொடி மணியாய்த் தெரியும்.

சாணைக்கல்லில் வைத்துப் பொறியைப் பார்ப்பதும் உண்டு. எஃகின் பொறி நீண்டு பளிச்சென்று பறக்கும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாகச் செந்நிறத்தில் விழும். சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்தில் இதைச் செய்வோர் இடம் பார்த்துச் செய்ய வேண்டும். வெடிமருந்து அறைக்குள் இரும்புக் கருவியே கூடாது என்பது பட்டாசுத் தொழிலாளிக்குத் தெரியும். அருகில் மருந்து இருக்கும் இடத்தில் சாணைக்கல் சுற்றலாமா?

பழைய தூண் ஒன்றையே அச்சாக வைத்துப் புதிதாக வார்த்து, பழசு என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அதைப் பிடிக்கவும் வழி இருக்கிறது. உருகிய இரும்பு ஆறும்போது ஓர் அடிக்குச் சுமார் அரைக்கால் அங்குலம் சுருங்கும். ஆகவே நகல், மூலத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். பூவின் இதழும் கொடியின் நரம்பும் மழுங்கியிருக்கும். ஜோடித் தூண்களை அளந்து பார்த்தால் எது பழசு, எது புதுசு என்று தெரிந்துவிடும். அடிப்பாகத்தில் கம்பெனிப் பெயர் இருக்கிறதா என்று வர்ணத்துக்கு அடியிலும் பார்க்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்து

தூணைக் கழற்றுவதில்தான் பெரிய அபாயம் இருக்கிறது. வார்ப்பிரும்பு மேலிருந்து வரும் பாரத்தை அசையாமல் தாங்கும். ஆனால் பக்கவாட்டில் ஓங்கி அடித்தால் வளையாது, கண்ணாடி போல் உடையும். மேலே விட்டமும் மாடியும் இருக்கும்போது தூண் உடைந்தால், கீழே நிற்பவர் கதி என்ன? கட்டடப் பொறியாளரைக் கேட்டு, விட்டத்துக்கு நாலு பக்கமும் முட்டுக் கொடுத்து, பாரம் முட்டின் மேல் இறங்கிய பிறகுதான் தூணில் கை வைக்க வேண்டும்.

துருப்பிடித்த மரைகளில் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊற விடலாம். அதற்கும் மசியாவிட்டால் மரையை அறுக்க வேண்டும். தூணை அறுக்கக் கூடாது. சங்கிலிக் கப்பியில் மெதுவாக இறக்கி, சாக்கும் வைக்கோலும் விரித்து அதன் மேல் படுக்க வைக்க வேண்டும். உள்ளே பொள்ளல் என்றாலும் கனம் கொஞ்சமல்ல. கெட்டியான வார்ப்பிரும்பு ஒரு கன அடியே சுமார் 200 கிலோ!

பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகச் சுரண்டினால் தூசு பறக்கும். நெருப்பு வைத்து எரித்தால் நச்சுப் புகை வரும். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைக் கூட்டி அள்ளி, பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாமல் இருப்பதே நல்லது.

சட்டமும் ஒன்று உண்டு. 1972-ம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த, நூறு ஆண்டுக்குக் குறையாத பொருளும் பழம்பொருளே. அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ‘துபாய் ஹோட்டலுக்கு வேண்டும்’ என்று யாராவது கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

சிவகாசிக்காரர்களுக்கு வேறொரு வார்ப்பிரும்பு பழக்கமானது. எழுத்துக் கோத்து, காலால் மிதித்து அச்சடித்த டிரெடில் இயந்திரத்தின் உடல் அதுதான். ஆப்செட் வந்தபின் அவையும் காயலான் கடைக்குப் போயின. மூலையில் ஒன்று இன்னும் கிடந்தால், காந்தத்தை எடுத்துக்கொண்டு போய் ஒருமுறை நன்றாகப் பார்க்கலாம்.

மீட்ட தூணை எங்கே வைப்பது? விரிசல் இல்லாத தூணைப் பொறியாளர் சோதித்துச் சரி என்றால் திண்ணைக் கூரைக்குக் கொடுக்கலாம். விரிசல் கண்டதை வெல்டிங் வைத்து மாடிக்கு அடியில் நிறுத்துவது ஆபத்து. சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அது மறுபடி விடும். அப்படிப்பட்ட தூணுக்குத் தோட்டத்தில் மல்லிகைக் கொடியைத் தாங்கும் வேலை போதும்.